புழுதி நனைஞ்சு வருதுங்க தம்பி

"ஆடி பொறந்துட்டா எங்க அடுப்படிச் சுவரு வேர்க்கும் சார். அடுப்பு எரியுதோ இல்லையோ, சுவரு வேர்க்கும்."

வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடி ஒரு பாட்டி என்னிடம் சொன்ன சொல் இது. அப்போது என் கையில் டேப் இருந்தது. கண்ணெல்லாம் வீட்டுக்குப் பின்னால் சரிந்து கிடந்த செம்மண்ணின் மேல் இருந்தது. தலையை ஆட்டிவிட்டு அளவெடுக்கப் போய்விட்டேன். அந்தச் சொல்லை நோட்டில் எழுதியிருந்தால் பின்னால் பட்ட பாட்டில் பாதி மிச்சமாகியிருக்கும். இருபது வருடமாகக் கோயம்புத்தூர், ஈரோடு, சேலம் மலையோரங்களில் தடுப்புச் சுவர், பாலம், சாலை என்று வேலை பார்த்தவன் நான். சரியும் மண்ணுக்குள் கம்பி செருகிப் பிடித்து நிறுத்தும் மண்ணாணி வேலையை, அதாவது எங்கள் வழக்கில் 'நெய்லிங்' என்பதை, முழுப் பொறுப்பெடுத்து நான் செய்த முதல் இடம் அது. அங்கே கற்றதை அடுத்து மலையில் கை வைக்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

இடம் இப்படி. மேலே எஸ்டேட் ரோடு. ரோட்டுக்குக் கீழே ஏழு மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக வெட்டிய மண். அதன் காலடியில் லைன் வீடுகள். வீட்டுப் பின்சுவருக்கும் மண் வெட்டுக்கும் நடுவே ஆள் துணி துவைக்கிற அளவுக்கு இடம். முந்தைய ஆடி மழையில் அதில் இருபத்திரண்டு மீட்டர் நீளம் இறங்கிவிட்டது. மண் துவைகல்லை மூடி, பின்சுவர் ஜன்னல் மட்டம்வரை வந்து நின்றது. யாருக்கும் அடியில்லை. குடும்பங்களை வேறு லைனுக்கு மாற்றியிருந்தார்கள். பாட்டி மட்டும் பகலில் வந்து தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொள்வார்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஒரு ஜேசிபி அந்த மண்ணை அள்ளிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் நிறுத்தச் சொன்னேன். மண் சரிந்தால் எல்லோரும் முதலில் செய்வது இதைத்தான். விழுந்த மண்ணை வாரி வெளியே போட்டு இடத்தைச் சுத்தமாக்குவது. அது மனித இயல்பு, குற்றம் சொல்ல முடியாது. ஆனால் விழுந்து கிடக்கும் அந்த மண்தான் மேலே மிச்சம் இருக்கும் மண்ணுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. காலை எடுத்தால் உடம்பு இறங்கும். ஏழெட்டு லோடு அள்ளியதற்கே மேலே ரோட்டோரத்தில் விரல் நுழைகிற வெடிப்பு ஒன்று பிறை வடிவில் ஓடியிருந்தது. சாலையில் நேராக ஓடும் வெடிப்பு வேறு காரணத்தாலும் வரலாம். இரண்டு முனையும் பள்ளத்தைப் பார்த்து வளைந்திருந்தால், கீழே ஒரு துண்டு மண் கிளம்பத் தயாராகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கே இரண்டு காரியம் செய்தோம். வெடிப்பைக் களிமண் வைத்து இறுக்கி, மேலே தார்ப்பாய் விரித்தோம், மழைத் தண்ணீர் அதற்குள் போகக் கூடாது என்பதற்காக. பிறகு வெடிப்பின் இரு பக்கமும் மூன்று இடத்தில் ஜோடி ஜோடியாக முளைக்கம்பி அடித்து, கம்பிக்குக் கம்பி டேப் பிடித்து, தேதி போட்டு எழுதினோம். வாரம் ஒருமுறை அளவு. செலவே இல்லாத கருவி இது. முதல் இரண்டு வாரத்தில் நான்கு மில்லிமீட்டர் விரிந்தது, பிறகு நின்றது. இந்த எண் கையில் இருந்ததால்தான் அந்த ரோட்டில் லாரி விடாதீர்கள் என்று நான் சொன்னதை நிர்வாகம் கேட்டது. "ஆபத்துங்க" என்று வாயால் சொன்னபோது கேட்கவில்லை.

ஏன் தடுப்புச் சுவர் கட்டாமல் ஆணிக்குப் போனீர்கள் என்று பலர் கேட்டார்கள். ஏழு மீட்டர் உயரத்துக்குக் கான்கிரீட் தடுப்புச் சுவர் என்றால் அதன் அடித்தளம் மட்டும் நாலு மீட்டர் அகலம் கேட்கும். அந்த அகலத்துக்கு மலையின் காலைத் தோண்ட வேண்டும். சரிந்துகொண்டிருக்கும் மண்ணின் காலைத் தோண்டி, கம்பி கட்டி, கான்கிரீட் போட்டு, அது இறுகும்வரை மலை நமக்காகக் காத்திருக்க வேண்டும். காத்திருக்காது. ஆணி வேலை இதற்கு நேர் எதிர். மேலிருந்து கீழாக, ஒன்றரை மீட்டர் வெட்டி, அந்தப் பட்டையை ஆணியும் கான்கிரீட்டும் போட்டுப் பிடித்துவிட்டு, அடுத்த ஒன்றரை மீட்டருக்கு இறங்குவது. எந்த நேரத்திலும் பிடிப்பில்லாத மண் ஒரு பட்டை அளவுக்கு மேல் இருக்காது.

ஆணி என்றதும் சுத்தியல் நினைவுக்கு வரும். இங்கே பெரும்பாலும் அடிப்பதில்லை. மண்ணுக்குள் கிடைமட்டத்திலிருந்து பத்துப் பதினைந்து டிகிரி கீழ்நோக்கிச் சாய்வாகத் துளை போட்டு, நடுவில் முறுக்குக் கம்பி வைத்து, சுற்றிச் சிமெண்ட் பால் நிரப்புகிறோம். கம்பி தானாக எதையும் இழுத்துப் பிடிப்பதில்லை. கன்றுக்குட்டியைக் கட்டிய முளையை எண்ணிப் பாருங்கள். கன்று இழுக்கும்வரை முளைக்கு வேலை இல்லை. மண் ஒரு சில மில்லிமீட்டர் நகரப் பார்க்கும்போது ஆணி அதைத் தடுக்கிறது. முளை ஆழமாக, கெட்டியான தரையில் இறங்கியிருக்க வேண்டும் என்பது போல, ஆணியின் பின்பாதி சரியக்கூடிய மண்ணைத் தாண்டிச் சரியாத மண்ணுக்குள் போயிருக்க வேண்டும். இது புரிந்தால் மற்றதெல்லாம் கணக்குதான்.

இந்த முறை 1972இல் பிரான்சில் வெர்சாய் அருகே ரயில் பாதையை அகலப்படுத்தியபோது முதன்முதலாக ஒரு பெரிய மண்வெட்டுக்குப் பயன்பட்டது. அதே 1972 ஜூன் 18இல் ஹாங்காங்கில் ஒரே நாளில் இரண்டு இடங்களில் மலை சரிந்து 130 பேருக்கு மேல் இறந்தார்கள். பின்னர் 1977இல் அங்கே சரிவுகளைக் கண்காணிக்கவே தனி அரசு அலுவலகம் அமைத்தார்கள். இன்று உலகில் மண்ணாணி மிக அதிகமாகப் போட்டிருக்கும் ஊர்களில் அது ஒன்று. அவர்கள் மண்ணும் நம் மலை மண்ணும் ஒரு விதத்தில் உறவு. இரண்டும் பாறை நின்ற இடத்திலேயே மக்கி மண்ணானவை. மேலே சிவந்த மண், அடியில் மண்ணா கல்லா என்று சொல்ல முடியாத மக்கிய பாறை, நடுநடுவே மக்காமல் தங்கிய உருண்டைக் கல். காய்ந்திருக்கும்போது செங்குத்தாக நிற்கும், கடப்பாறை துள்ளும். நனைந்தால் கையில் பிசையலாம்.

துளை போட ஆள் தேடியபோது எனக்குத் திருச்செங்கோட்டைத் தவிர வேறு ஊர் தோன்றவில்லை. இந்தியா முழுக்கப் போர்வெல் போடும் ஊர் அது. முப்பது வருடம் ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் என்று போர் வண்டியோடு சுற்றிய ஒரு அண்ணன் இரண்டு பையன்களோடு வந்தார். ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவு ஏறி வண்டி மேலே வந்து சேர்வதற்குள் ஒரு பொழுது போய்விட்டது. வந்த அன்றே எங்களுக்குள் கருத்து வேறுபாடு. பெரிய கம்ப்ரஸரைக் கொண்டுவரலாம், ஒரு துளைக்குப் பத்து நிமிடம் போதும் என்றார் அவர். ஆழ்துளைக் கிணற்றில் ஆயிரம் அடிக்குக் கீழே இருந்து கல்தூளை ஊதி வெளியே தள்ள அவ்வளவு காற்று வேண்டும். இங்கே ஆறு மீட்டர் துளை, அதுவும் தளர்ந்த மண்ணில். அந்தக் காற்றை உள்ளே விட்டால் துளையைச் சுற்றியிருக்கும் மண்ணைப் பிளந்துகொண்டு வெடிப்பு வழியாக வெளியேறும். நாம் பிடிக்க வந்த மண்ணை நாமே கலைத்ததாகும். தண்ணீர் விட்டுத் துளைப்பதும் கூடாது, துளைச் சுவர் குழைந்து சிமெண்ட் ஒட்டாமல் போகும். சிறிய கம்ப்ரஸரில், காற்றைக் குறைத்து, மண்ணில் வெறும் சுற்றலாகவும் உருண்டைக் கல் குறுக்கிட்டால் மட்டும் ஹேமர் போட்டும் போவதென்று முடிவானது. முதல் நாள் அண்ணனுக்கு அது மனதுக்கு ஒப்பவில்லை. மூன்றாம் நாள் பையன்களுக்கு அவரே சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார், "ஊதாத கண்ணு, ஒழுக உடு."

உலர்ந்த துளைப்பில் வரும் புழுதி நுரையீரலைக் கெடுப்பது. தலைத்துண்டை மூக்கில் கட்டிக்கொள்வது போதாது. நல்ல முகமூடி வாங்கிக் கொடுத்துப் போடச் சொல்லி நில்லுங்கள். அண்ணனுக்கு அந்த இருமல் ஏற்கெனவே இருந்தது.

கம்பியைப் பற்றி ஒன்று. கடையில் 12 மீட்டர் கம்பியை நடுவில் மடக்கித்தான் லாரியில் ஏற்றுவார்கள். வீட்டுக் கான்கிரீட்டுக்கு அதை நிமிர்த்திப் போட்டுவிடுகிறோம். ஆணிக்கு ஆகாது, கம்பி அம்பு போல நேராக இருக்க வேண்டும். நேரான 12 மீட்டர் கம்பியோ அந்த வளைவுகளில் ஏறாது. நல்லவேளையாக எங்கள் கணக்கில் ஆணி நீளம் 6 மீட்டர் வந்தது. வெட்டின் உயரத்தில் பத்தில் ஆறு பங்கிலிருந்து முழு உயரம்வரை ஆணி நீளம் இருப்பது பொது வழக்கம். பொள்ளாச்சியிலேயே 25 மில்லிமீட்டர் கம்பியைச் சரிபாதியாக வெட்டி, முனையில் மரை போட்டு, அதன் பிறகு துத்தநாகக் குளியலுக்கு அனுப்பினோம். இந்த வரிசை மாறக் கூடாது. பூச்சு முடிந்த கம்பியை வெட்டி மரை போட்டால் துரு பிடிக்கும் வாசலை நாமே திறந்து வைத்தது போல. ஆணியின் தலைப்பகுதிதான் முதலில் துருப்பிடிக்கும் இடம்.

வேலை தொடங்கும் முன் பலி ஆணி போட வேண்டும். கடைசிவரை சுவரில் இருக்கப் போகாத, இழுத்துப் பார்ப்பதற்கென்றே போடும் ஆணி. துளை விட்டம் 100 மில்லிமீட்டர். உள்முனையில் 3 மீட்டர் மட்டும் சிமெண்ட், வாய்ப்பக்கம் சிமெண்ட் இல்லாமல் வெறும் கம்பி, ஜாக்கி தாங்கும் இடத்து மண் கணக்கைக் கெடுக்கக் கூடாது என்று. மீட்டருக்கு ஒரு டன் தாங்க வேண்டும் என்று வைத்திருந்தேன். சோதனையில் அதைப்போல் இரண்டு மடங்கு, ஆக மொத்தம் 6 டன் வரை இழுக்க வேண்டும். ஏழு நாள் ஆறவிட்டு ஜாக்கி மாட்டினோம். ஆணி வெளியே நகரும் அளவைக் காட்டும் டயலில் முள் மெல்ல நகர்ந்தது. 2 டன், நின்றது. 3 டன்னில் முள் நிற்கவே இல்லை. ஜாக்கியில் அழுத்தம் ஏறாமல் ஆணி மட்டும் வெளியே வந்துகொண்டிருந்தது, வெண்ணெயில் செருகிய கத்தி போல. அண்ணன் என்னைப் பார்த்தார், நான் மண்ணைப் பார்த்தேன். மண்ணின் குறை என்றுதான் முதலில் நினைத்தேன்.

தோண்டி எடுத்துப் பார்க்கலாம் என்று சொன்னது அந்த அண்ணன்தான். பக்கவாட்டில் குழி போட்டுக் கையால் சுரண்டி ஆணியை வெளிக்கொண்டு வந்தோம். கம்பி துளையின் அடியில் மண்ணோடு ஒட்டிப் படுத்திருந்தது. சிமெண்ட் அதன் ஒரு பக்கமாக மட்டும் அரைவட்டமாக இறுகியிருந்தது. மேல்பாதியில் நீளத்துக்கும் வெற்றிடம், என் நான்கு விரல் உள்ளே போனது. விரலை எடுத்தபோது ஈரச் செம்மண் பூசி வந்தது. இரண்டு தவறு. கம்பியை நடுவில் நிறுத்தும் வளையம் கட்டவில்லை. சிமெண்ட் பாலைத் துளை வாயிலிருந்து ஊற்றியிருந்தார்கள். வாயில் ஊற்றினால் உள்ளே இருக்கும் காற்று வெளியேற வழி இல்லாமல் அங்கேயே தங்கிவிடும். நான் அப்போது கீழே கம்பி எண்ணிக்கொண்டிருந்தேன், பக்கத்தில் நிற்கவில்லை.

பிவிசி குழாயை நீளவாக்கில் கீறிப் பிதுக்கினால் பூசணிக்காய் போல வளையம் ஆகும். அதை இரண்டு மீட்டருக்கு ஒன்றாகக் கம்பியில் கட்டினோம். கம்பியோடு ஒரு மெல்லிய குழாயையும் உள்முனைவரை செருகி, சிமெண்ட் பாலை அடியிலிருந்து நிரப்பினோம். வாய்க்குப் புழுதியும் நுரையும் கலந்து முதலில் வரும். அது வடிந்து கெட்டியான சுத்தப் பால் வழியும்வரை நிறுத்தக் கூடாது. மறுபடி இழுத்தபோது 6 டன்னில் முள் நின்றது. பத்து நிமிடம் பிடித்து வைத்தோம். முதல் நிமிடத்துக்கும் பத்தாம் நிமிடத்துக்கும் நடுவே அரை மில்லிமீட்டர்கூட நகரவில்லை. ஒரு மில்லிமீட்டர்வரை போகலாம் என்பது வழக்கமான எல்லை.

சிமெண்ட் மூட்டைக் கணக்கு ஒன்றைச் சொல்கிறேன், இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். 50 கிலோ மூட்டைக்கு 22 அல்லது 23 லிட்டர் தண்ணீர் விட்டால் ஏறத்தாழ 38 லிட்டர் பால் கிடைக்கும். 100 மில்லிமீட்டர் துளை, 6 மீட்டர் நீளம், கம்பியின் கனம் போக உள்ளே 44 லிட்டர் பிடிக்கும். அதாவது ஒரு துளைக்கு ஒரு மூட்டைக்குக் கொஞ்சம் மேல். துளை எண்ணுக்கு நேரே மூட்டைக் கணக்கை எழுதி வையுங்கள். ஒரு துளை முக்கால் மூட்டையில் நிரம்பிவிட்டதென்றால் உள்ளே மண் சரிந்து அடைத்திருக்கிறது, அல்லது காற்று தங்கியிருக்கிறது. மூன்று மூட்டை விழுங்கியதென்றால் உள்ளே பொந்தோ வெடிப்போ இருக்கிறது. இரண்டு செய்தியும் முக்கியம். ஒப்பந்தக்காரருக்குச் சிமெண்ட் மிச்சமாவது மகிழ்ச்சியாக இருக்கலாம், சுவருக்கு அது நல்ல சேதி அல்ல. மறுநாள் வந்து பார்த்தால் வாயில் பால் ஒரு சாண் இறங்கியிருக்கும். அதையும் நிரப்ப வேண்டும்.

இப்போது என் பெரிய தவறுக்கு வருகிறேன்.

இரண்டாவது வரிசை துளைத்துக்கொண்டிருந்தபோது, இடமிருந்து ஒன்பதாவது துளையில், நாலு மீட்டர் ஆழத்தில், அண்ணன் இயந்திரத்தை நிறுத்தினார். வாயிலிருந்து வந்த புழுதியைக் கையில் அள்ளி உருட்டினார். உருண்டை உடையவில்லை.

"புழுதி நனைஞ்சு வருதுங்க தம்பி. இங்க ஊத்து இருக்குதுங்க."

போர் போடுகிறவருக்கு வாழ்க்கை முழுக்க அதுதான் மங்கலச் செய்தி. வறண்ட கல்தூள் வெள்ளையாகப் பறந்துகொண்டே இருக்கும், நிலத்துக்காரர் முகம் வாடிப்போய் நிற்பார், திடீரென்று புழுதி நிறம் மாறி ஈரமாகும், எல்லோரும் எழுந்து நிற்பார்கள். அந்தச் செய்தியை ஒரு மனிதர் கவலையோடு சொல்லி நான் முதன்முதலாகக் கேட்டேன். ஆனால் நான் அதைச் சரியாக எடுத்துக்கொள்ளவில்லை. தை மாதத்தில் போட்ட இரண்டு மண் பரிசோதனைத் துளையிலும் தண்ணீரே தட்டுப்படவில்லை. அறிக்கையில் அப்படித்தான் இருந்தது, என் கணக்கும் காய்ந்த மண்ணுக்குத்தான் போட்டது. ஒரு துளையில் கொஞ்சம் ஈரம், அவ்வளவுதானே என்று நினைத்தேன். தை மாதத்தில் பரிசோதித்த மலையை ஆடி மாதத்துக்கு நம்பியிருக்கிறேன் என்பது எனக்கு உறைக்கவில்லை.

அது சனிக்கிழமை. ஜேசிபி திங்கட்கிழமை வேறு வேலைக்குப் போக வேண்டும் என்றார்கள். போகுமுன் மூன்றாவது பட்டையை வெட்டி வைத்துவிட்டால் திங்களன்று நேராகத் துளைக்கலாம் என்று கணக்குப் போட்டேன். ஒன்றரை மீட்டருக்குப் பதில் இரண்டரை மீட்டர் வெட்டச் சொன்னேன். முகத்தில் கான்கிரீட் தெளிக்காமல், ஆணி இல்லாமல், ஞாயிறு முழுக்க அதை விட்டுவிட்டுப் பொள்ளாச்சிக்கு இறங்கிவிட்டேன். ஞாயிறு மாலை கோடை மழை. ஒரு மணி நேரம்தான் பெய்தது.

இரவு எட்டு மணிக்கு போன் வந்தது. யானை நடமாட்டத்தால் அந்த நேரத்தில் மேலே போக முடியாது, காலையில் ஆறு மணிக்குப் போய் நின்றேன். நாலு மீட்டர் அகலத்துக்கு மூன்றாவது பட்டை உட்கார்ந்திருந்தது. மேலே முடித்த இரண்டு வரிசையும் அசையவில்லை, ஆனால் அவற்றின் அடியில் குகை போலப் பள்ளம். பள்ளத்தின் பின்சுவரிலிருந்து, சுண்டுவிரல் தடிமனுக்கு, தெளிந்த நீர் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்பதாவது துளைக்கு நேர் கீழே. பாட்டி வந்து நின்று பார்த்தார். "இதுக்கு நேராத்தான் சார் எங்க அடுப்படி" என்றார். குற்றம் சொல்லும் குரலில் இல்லை. அதனால்தான் இன்றும் காதில் இருக்கிறது.

அன்று வேலையை நிறுத்தினேன். மணல் மூட்டையும் கல்லும் வைத்துப் பள்ளத்தை முட்டுக் கொடுத்தோம், நீர் வடிய அடியில் குழாய் விட்டு. பிறகு தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேடி மேலே நடந்தேன். ரோட்டின் மலைப்பக்க ஓடை மண் ஓடைதான், பூச்சு இல்லை. கவாத்துச் செய்த தேயிலைக் குச்சிகள் விழுந்து நாற்பதடி தூரம் அடைத்திருந்தது. மழைத் தண்ணீர் அங்கே குளமாக நின்று, மண்ணுக்குள் இறங்கி, மக்கிய பாறையின் மேல்மட்டத்தில் வழுக்கிக்கொண்டு நம் சரிவுக்குள் வந்துகொண்டிருந்தது. அதை வாரி, சிமெண்ட் ஓடையாக்கி, ரோட்டுக்கு அடியில் நீர் போகும் சிறுபாலத்துக்குத் திருப்பினோம். ஆணிக்கு முன்னால் செய்திருக்க வேண்டிய வேலை அது.

அடுத்து, நீளமான வடிகுழாய்கள். ஆணி கீழ்நோக்கிச் சாயும், வடிகுழாய் உள்ளே போகப் போகச் சற்று மேல்நோக்கி ஏற வேண்டும், ஐந்து முதல் பத்து டிகிரி. ஓட்டை போட்ட பிவிசி குழாயின் மேல் வடிதுணி சுற்றி, ஒன்பது மீட்டர் ஆழத்துக்கு நான்கு இடத்தில் விட்டோம். எங்கே விடுவது என்று இந்த முறை நான் முடிவு செய்யவில்லை. அண்ணனிடம் கேட்டேன், பாட்டியிடம் கேட்டேன். எந்தெந்த வீட்டுச் சுவர் வேர்க்கும் என்று பாட்டி காட்டினார். அந்த நேருக்கு மேலே துளைத்த நான்கில் மூன்றில் புழுதி நனைந்து வந்தது. கணக்கையும் நீர் நிரம்பிய மண்ணுக்கு மாற்றிப் போட்டேன். அந்த நாலு மீட்டர் அகலத்தில் ஆணி இடைவெளியை ஒன்றரை மீட்டரிலிருந்து ஒரு மீட்டராக நெருக்க வேண்டியிருந்தது. முதலில் வரைபடத்தில் 73 ஆணி, முடித்தபோது 81. அதன் பிறகு ஒரு பட்டையைக்கூட நான் ஒன்றரை மீட்டருக்கு மேல் வெட்டவிடவில்லை. வெட்டிய அன்றே முதல் பூச்சு தெளிக்காமல் மலையை விட்டு இறங்கவும் இல்லை.

முகப்பு வேலை பற்றி நீட்ட ஒன்றுமில்லை. வெல்டட் கம்பி வலை, நூறு மில்லிமீட்டர் கனத்துக்கு ஷாட்கிரீட் எனும் தெளிப்புக் கான்கிரீட், ஆணித் தலையில் தகடும் நட்டும். ஷாட்கிரீட்டுக்குப் பின்னால் மேலிருந்து கீழாக வடிபட்டை ஒட்டுவதையும், வடிதுளைக் குழாய்களையும் மட்டும் நீங்களே நின்று பாருங்கள். தெளிக்கும்போது குழாய்க்குள் சிமெண்ட் போகாமல் வாயில் சாக்குத்துணி அடைப்பார்கள். முடிந்ததும் எடுக்க மறந்துவிடுவார்கள். எங்கள் சுவரில் பதினோரு குழாயில் துணி அப்படியே இருந்தது. ஒவ்வொன்றாகக் கம்பி விட்டு நான் பிடுங்கினேன். வெளியிலிருந்து பார்த்தால் துளை துளையாக அழகாகத் தெரியும், உள்ளே அடைத்திருக்கும். நிரந்தர ஆணிகளிலும் நூற்றுக்கு ஐந்தையாவது இழுத்துப் பார்க்க வேண்டும், ஆணி தாங்க வேண்டிய பளுவில் ஒன்றரை மடங்குக்கு. நாங்கள் ஐந்தை இழுத்தோம், ஐந்தும் நின்றன. எதை இழுப்பது என்பதைத் துளைத்தவர் தேர்ந்தெடுக்கக் கூடாது. மூட்டைக் கணக்கில் சந்தேகம் வந்த துளைகளை எடுங்கள்.

இதைப் படித்துவிட்டு எல்லாச் சரிவுக்கும் ஆணி போடலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். ரோடு போட வெட்டிய மண்ணைப் பள்ளத்தில் கொட்டி உருவான கொட்டுமண் சரிவில் ஆணிக்குப் பிடிப்பே இருக்காது. களி மண்ணில் இன்றைக்குப் பிடித்தது நாளைக்கு மெல்ல நழுவும். மலையின் ஒரு பெரும் பகுதியே இருபது முப்பதடி ஆழத்தில் நகர்ந்துகொண்டிருந்தால் ஆறு மீட்டர் ஆணி அந்த மலையோடு சேர்ந்து பயணம்தான் போகும். பக்கத்து நிலத்துக்குள் ஆணி போகிறதென்றால் எழுத்தில் அனுமதி வேண்டும். நாளைக்கு அவர் அங்கே கிணறு வெட்டினாலோ அஸ்திவாரம் தோண்டினாலோ உங்கள் சுவரின் பிடி அறுந்துபோகும். வெட்டிவேர் நட்டால் போதாதா என்றும் கேட்கிறார்கள். வெட்டிவேரை நான் மதிக்கிறேன், எங்கள் சுவருக்கு மேலே ரோட்டோரச் சாய்வில் மூன்று வரிசை நட்டோம். மழை மேல்மண்ணை அரித்துக்கொண்டு போவதை அது போல் தடுப்பது வேறில்லை. ஆழமான சறுக்கலை நிறுத்துவது அதன் வேலை அல்ல. நீலகிரி மலைச் சாலைகளில் நெடுஞ்சாலைத் துறை ஆணி அடித்த சரிவின் மேல் வலை விரித்துப் புல்விதைக் கலவையைத் தெளித்திருக்கிறார்கள். ஆணி உள்ளே பிடிக்க, புல் மேலே பிடிக்கிறது. சரிவு செங்குத்தாக இல்லாமல் சாய்வாக இருந்தால் எனக்கும் அதுதான் பிடிக்கும். எங்களுக்கு அந்தச் சாய்வு விட இடமில்லை, வீடு நின்றது.

முடித்த பின் முதல் ஆடியில், மழை நான்கு நாள் விடாமல் பெய்த பிறகு, போய்ப் பார்த்தேன். ரோட்டோர முளைக்கம்பிகளில் டேப் பிடித்தேன், மாசியில் எழுதிய அதே அளவு. சுவரில் கசிவில்லை. நான்கு வடிகுழாயில் மூன்று ஓடிக்கொண்டிருந்தன. பாட்டியின் வீட்டுக்கு நேரே இருந்த குழாய்க்கு அடியில் ஒரு குடம் வைத்துக் கடிகாரம் பார்த்தேன், நாலு நிமிடத்தில் நிரம்பியது. அத்தனை தண்ணீரும் முந்தைய ஆடிவரை அந்தச் சரிவுக்குள்ளேயே தங்கியது. குடத்துத் தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். தெளிவாக இருந்தது. கலங்கி வந்தால் குழாய் மண்ணைத் தின்கிறதென்று பொருள், உள்ளே பொந்து விழும்.

பாட்டி உள்ளே கூப்பிட்டு அடுப்படிச் சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். உலர்ந்திருந்தது. மூன்றாவது வீட்டுச் சுவரின் மூலையில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். ஓடாமல் இருந்த நாலாவது குழாய்க்கு நேர் கீழே அது. அந்தக் குழாயைக் கழுவிப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் பக்கத்தில் இன்னொன்று போட வேண்டும். திருச்செங்கோட்டு அண்ணனுக்கு அங்கிருந்தே போன் போட்டேன்.

"தை பொறக்கட்டுமுங்க தம்பி, வந்துர்றேன்" என்றார். "அந்த ஈரம் எவ்வளவு பெருசாகுதுன்னு கரிக்கோடு போட்டு வெக்கச் சொல்லுங்க."

பாட்டி அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்துக் கொடுத்தார்.